ஊட்டியின் பாயிண்ட் பட்டியல்: எதை வைப்பது, எதை அடிப்பது

ஊட்டியில் எந்த ஹோட்டலில் தங்கினாலும் ஊர் சுற்றக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். முதல் நாள் ஏரி, தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை. மறுநாள் பைன் காடு, ஷூட்டிங் மட்டம், பைக்காரா. வண்டிக்காரர்கள் இவற்றைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். பாயிண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வாடகை. வேன் நிறுத்தும் இடமும் நுழைவுச்சீட்டும் பஜ்ஜிக் கடையும் எங்கே சேர்ந்து அமைந்தனவோ அங்கெல்லாம் ஒரு பாயிண்ட் முளைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு நாள் தங்குகிறவருக்கு நேரம்தான் பெரிய செலவு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அப்படியும் மே மாதத்தில் சேரிங் கிராஸ் சந்திப்பைக் கடப்பது லேசான காரியமில்லை. ஆகவே ஒவ்வொரு இடத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மலையில் மட்டுமே காணக்கூடிய எதை நீ காட்டுகிறாய்?

ஏரி முதலிலேயே தோற்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1820களில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய நீர்நிலை இது. பிறகு சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரிப் பரப்பில்தான் இருக்கின்றன. கோடப்பமந்து கால்வாய் ஊர்க் கழிவை அதில் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த வரலாறு சுவையானதுதான், ஆனால் மிதிபடகில் அமர்ந்தவருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியப்போவதில்லை. அடித்துவிடலாம்.

தாவரவியல் பூங்காவை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பலரும் வாசலை ஒட்டிய புல்வெளியில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதுவரைக்கும் பார்த்தால் எந்த ஊர்ப் பூங்காவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சரக்கு மேலே ஏற ஏறத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விளைவிக்கும் தோட்டமாகத் தொடங்கிய முயற்சி, 1848இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் கைக்கு வந்து பூங்காவாக வளர்ந்தது. இதே மெக்ஐவர்தான் பின்னாளில் நீலகிரியில் சிங்கோனா வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றார். வெளிநாட்டு மரம் எது இந்தக் குளிரில் பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்து நட்ட காலம் அது. இன்று மலை முழுக்க நிற்கும் கற்பூர மரமும் சீகையும் அந்தக் காலத்து ஆசையின் மிச்சம். அப்படிப் பார்த்தால் பூங்காவின் பெரிய அயல்நாட்டு மரங்கள் அலங்காரம் மட்டுமல்ல, இந்த மலை எப்படி உருமாறியது என்பதற்குச் சாட்சிகள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரத் துண்டு ஒன்றும் அங்கே கிடக்கிறது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் அதைப் பாறை என்றே நினைக்கிறார்கள் போலும். பூங்காவின் உச்சியை ஒட்டித் தோடர் மந்து இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம். அழைப்பில்லாமல் வீட்டு வாசலில் போய் எட்டிப்பார்ப்பதை எந்தப் பட்டியலும் நியாயப்படுத்தாது. தோடர்களைப் பற்றி அறிய விரும்புகிறவர் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

ரோஜா பூங்கா 1995இல் உருவானது. பூக்கும் மாதத்தில் அழகு, மற்ற மாதங்களில் முள். தொட்டபெட்டாவுக்கு 2,637 மீட்டர், நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் என்ற பெருமை உண்டு. ஆனால் மதியம் போகிறவர் பெரும்பாலும் மேகத்தையும் முன்னே நிற்பவரின் குல்லாயையும்தான் பார்த்துவிட்டு வருவார். வானம் வெளுத்த காலையில், கதவு திறந்ததும் போக முடிந்தால் சரி. இல்லையென்றால் வேண்டாம்.

கூடலூர் சாலையில் உள்ள பைன் காடும் ஷூட்டிங் மட்டமும்தான் இந்தப் பட்டியலின் தரத்தை அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கின்றன. பைன் காடு மனிதர் நட்டது. உள்ளே போய் தரையைப் பாருங்கள்: காய்ந்த ஊசி இலைகள் மெத்தையாகக் கிடக்கும், அடியில் வேறு செடி கொடி அதிகம் இராது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஷூட்டிங் மட்டமோ, வென்லாக் டவுன்ஸ் என்ற பழைய புல்வெளியின் ஒரு பகுதி. மடிப்புகளில் சோலைக் காடும் மேடுகளில் புல்லுமாக இருப்பதுதான் இந்த மலையின் பிறவி உருவம். மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது இந்தச் சேர்க்கை. ஆக, பட்டியலில் ஊட்டிக்கே உரிய நிலம் என்று சொல்லத்தக்க இடம் இது ஒன்றுதான்; அதையும் ஏதோ ஒரு பாட்டுக்கு நாயகி உருண்ட சரிவு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பைன் காட்டை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் மட்டத்தில் செலவிடுங்கள். எதிர்ச் சரிவின் மடிப்பில் கரும்பச்சையாகத் திரண்டு நிற்கும் சோலையை நிதானமாகப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாதவற்றில் முதலிடம் முத்தோரை வானொலித் தொலைநோக்கிக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காகத் தொலைநோக்கியைப் படுக்க வைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும். வானில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையே கருவியின் பாகமான இடம் வேறெங்கே பார்ப்பீர்கள்? ஆய்வுக்கூடம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாதுதான். தூரத்திலிருந்து பார்த்தாலும் தொட்டபெட்டா மேகத்தைவிட மேல்.

ஊருக்குள் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அரை மணி கொடுக்கலாம். 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்த மரங்கள்தான் அங்கே உத்திரங்கள். தோற்ற மன்னரின் கூரை மரத்தை வென்றவர்கள் தங்கள் ஆலயத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் தெரியும். பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் சலிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள்.

மலை ரயிலைப் பற்றி ஒரு கறாரான வார்த்தை. ஊட்டியிலிருந்து குன்னூர் வரை போய்வந்துவிட்டு மலை ரயிலில் போனோம் என்று சொல்வது பாதி உண்மை. கேத்தி பள்ளத்தாக்கு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த இந்தப் பாதையின் பல்சக்கரப் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கிறது. அங்கேதான் 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். அங்கேதான் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும், பெட்டிக்கொரு பிரேக்காரர் முன்னால் நின்று கொடி காட்டுவார். ஆகவே அதைப் பாயிண்டாகச் சேர்க்காமல், வருகிற வழியாகவே ஆக்கிக்கொள்வது உத்தமம். காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறினால் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். டிக்கெட் கிடைக்காவிட்டால் மட்டும் குன்னூர்ப் பயணம்.

குழந்தைகள் படகு கேட்டு அழுதால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. பைக்காரா அணைக்கட்டில் படகு உண்டு. நீர் சுத்தம், சுற்றிலும் காடு. ஷூட்டிங் மட்டத்தைப் பார்த்த அதே சாலையில் மேலே போனால் போதும், தனி வாடகை பேச வேண்டியதில்லை.