அர்தபில் கம்பளமும் 16 அங்குலத் தலகாணியும்

கும்மிடிப்பூண்டியில் தெரிந்தவர் ஒருவர் தைத்த தலகாணி உறை இது. மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச். அர்தபில் கம்பளத்தை முழுசாகச் சின்னதாக்கிய டிசைன். கைவேலை படுசுத்தம். குறை டிசைனில்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் இந்தப் பாரசீகக் கம்பளம் 1539-40இல் நெய்யப்பட்டது. அகலம் 5 மீட்டருக்கு மேல். சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. அகலவாக்கில் மட்டும் கிட்டத்தட்ட 3,800 முடிச்சு வரும். தலகாணியிலோ அங்குலத்துக்கு 14 தையல், மொத்தமே 224. அதாவது 17 முடிச்சின் வேலையை ஒரே தையல் செய்யணும். கொடியின் வளைவு படிக்கட்டாகிவிடுகிறது, பூ வெறும் புள்ளியாகிவிடுகிறது.

இன்னொன்று: கம்பளத்தில் நடுப்பதக்கத்தின் இரு பக்கமும் தொங்கும் விளக்குகளில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஏன் அப்படி என்று இன்னும் வாதம் நடக்கிறது. தலகாணியில் இரண்டும் ஒரே அளவு! டிசைன் போட்டவர் 'திருத்தி'விட்டார். பார்க்கிறவரை யோசிக்க வைத்த விஷயமே போச்சு.

இப்படிச் சுருக்குவதற்குப் பதில் ஒரு விளக்கையும் சுற்றியுள்ள நாலு பூவையும் மட்டும் எடுத்துப் பெரிதாகத் தைத்திருக்கலாம். வளைவு வளைவாகவே நின்றிருக்கும். 50,176 தையல் போட்ட கைக்கு அதுதான் நியாயம்.