‘இம்புறூவ்மென்ற்’: ஒரு சொல்லும் அதன் நிலமும்

முன்னேற்றம், மேம்பாடு, அபிவிருத்தி என நாம் பலவாறாகத் தமிழாக்கும் ‘இம்புறூவ்மென்ற்’ என்னும் ஆங்கிலச் சொல், பிறப்பில் இவற்றுள் எதனையும் குறிக்கவில்லை. நோர்மானியர் இங்கிலாந்துக்குக் கொணர்ந்த பிரெஞ்சு வழக்கில் இலாபத்தைக் குறித்த ‘புறூ’ என்பதன் அடியாக வந்த சொல் அது. இலாபம் தரச் செய்தல், சிறப்பாக நிலத்தின் வருவாயைப் பெருக்குதல் என்பதே அதன் முற்பொருள்; பொதுநிலத்தையும் தரிசையும் வேலியிட்டு அடைத்தலோடு அது நெருங்கிய தொடர்புடையதாயிருந்தது. ஒன்றை நன்றாக்குதல் என்ற பொதுப்பொருள் பதினேழாம் நூற்றாண்டு முதலே வலுப்பெற்றது. றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ நூலில் இவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தந்துள்ளார்.

சொற்பிறப்பே ஒரு சிந்தனையின் சாரத்தைத் தீர்மானித்துவிடும் என நாம் கொள்ளவில்லை. அது அகராதிக்காரரின் மயக்கம். இலாபமும் நன்மையும் ஒரே சொல்லில் ஒன்றிக் கிடப்பதற்கு எத்தகைய சமூக உறவுகள் இடமளித்தன என்பதே நமது வினா.

1649ஆம் ஆண்டில் வோல்ற்றர் பிளைத் என்பார், வடிகால், நீர்ப்பாய்ச்சல் முதலியவற்றை விளக்கும் வேளாண்மை நூலுக்கு ‘ஆங்கில இம்புறூவர்’ எனப் பெயரிட்டார். அதே ஆண்டிலேயே ஜெறாட் வின்ஸ்ரன்லியும் தோழர்களும் சரே மாவட்டத்துப் பொதுநிலத்தைக் கூட்டாகக் கொத்திப் பயிரிட்டனர். தரிசை விளைநிலமாக்கிய அவர்கள் 1650இல் விரட்டியடிக்கப்பட்டனர். தரிசு பயிராவது மட்டுமன்று, அது எவருடைய உடைமையாகிறது என்பதும் இச்சொல்லின் பொருளைத் தீர்மானித்தது. 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த நூலில் ஜோன் லொக் இதனைத் தத்துவமாக்கினார்: நிலத்தை அடைத்துப் பயிரிடுபவன் மனிதகுலத்துக்கு ஈபவனேயாவான். சதர்லாந்துக் குடியகற்றலை நியாயப்படுத்தி ஜேம்ஸ் லொக் 1820இல் எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல்லே நிற்கிறது (இவர் வேறொரு லொக், பண்ணையின் நிருவாகி). 1814க்கும் 1820க்குமிடையில் அங்கிருந்து 15,000 பேர் அகற்றப்பட்டனர் என மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற் பாகத்திற் பதிவு செய்கிறார்.

இக்காலத்திலேயே, 1814இல், ஜேன் ஒஸ்ரினின் ‘மான்ஸ்பீல்ட் பாக்’ வெளிவந்தது. அந்நாவலில் இச்சொல் இருபுறமும் உழுகிறது. றஷ்வேத் தன் பண்ணையை ‘இம்புறூவ்’ செய்ய விழைந்து, மரச்சாலையை வெட்டிவிடலாம் என்கிறான். பனியின் தோற்றத்திலும் அதே ‘இம்புறூவ்மென்ற்’ காணப்படுவதாகப் பெரியவர் மெச்சுகிறார். இதனை வெறும் தோட்ட இரசனை பற்றிய நையாண்டியாகப் படிக்கும் விமர்சகர் பாதியையே படிக்கின்றனர். நிலத்தைச் சீர்ப்படுத்துவோர் நடத்தையிற் சீர்ப்படுவதில்லை என்பதை ஒஸ்ரின் கூர்மையாகக் காண்கிறார். ஆனால் அந்நிலத்தில் உழைப்போர் அவரது பார்வைக்குள் அரிதாகவே வருகின்றனர். அன்ரிகுவாப் பண்ணையின் உடைமையாளரிடம் பனி அடிமை வாணிபம் பற்றிக் கேட்கும்போது அறையில் மௌனமே நிலவுகிறது. அம்மௌனத்தைப் பதிவு செய்தமை ஒஸ்ரினின் நேர்மை. அதற்கு அப்பால் நாவல் செல்லவில்லை.

பயிரிடப்படாத நிலம் உரியவரற்றது என்ற தர்க்கம் நம் நாட்டுக்கும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மறுப்புச் சான்று காட்டப்படும்வரை முடிக்குரியன என அனுமானித்தது; கோப்பித் தோட்டங்கள் அதன் பயனைப் பெற்றன. ஆகவே லொக்கின் உடைமை பற்றிய அத்தியாயத்தைத் தமிழாக்குவோர், இச்சொல் வருமிடமெல்லாம் ‘மேம்படுத்தல்’ என எழுதிச் செல்லாது, ‘வருவாய்க்கு உட்படுத்தல்’ என்பதையேனும் இடமறிந்து ஆளுதல் வேண்டும்.