அறமும் நம்பிக்கையும்: கல்முனைக் கவிதையொன்று எழுப்பும் வினா

கடவுள் நம்பிக்கை இல்லாதவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்க இயலாது என்பது நமது சமூகத்தில் வாதிட்டு நிறுவப்பட்ட கருத்தன்று. வாதம் தொடங்குமுன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடும் கருத்து. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையிலான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே ‘கொம்யூனிஸ்ட்’ என்னும் சொல் ஒரு கட்சிக்காரனை மாத்திரம் சுட்டி நின்றதில்லை. தொழாதவன், குடிப்பவன், கொடுக்கல் வாங்கலில் நம்பத்தகாதவன் என்பனவும் அச்சொல்லின் நிழலிலே ஒதுங்கியிருந்தன. அவன் உண்மையிற் குடித்தானா, கடனைத் திருப்பிக் கொடுத்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை. சொல்லே சான்றாகிவிடுகிறது.

இக்கருத்தை மேனாட்டு மெய்யியலாளரைத் துணைக்கழைத்து மறுத்தல் எளிது. ஆயினும், கல்முனைப் பிரதேசத்தின் நவீன இலக்கியமே இதற்கு எதிரான சான்றைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது என்பதும், அச்சான்றினை வழங்கியோர் பெரும்பாலும் இறை நம்பிக்கை கொண்ட வாசகர்களே என்பதும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கல்முனைக்குடியிற் பிறந்து, அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ இந்நிகழ்வு பற்றிய கவிதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டதாகும். அரசின் காவலர்கள் சாதாரண உடையில் வந்து புத்தரைச் சுட்டுக் கொல்கின்றனர். நூலகப் படிக்கட்டருகே உடல் கிடக்கிறது. அதனை எரிப்பதற்கு நூல்களே விறகாகின்றன. கவிதையின் கரு இவ்வளவே.

இக்கவிதை யாருடைய சமயத்தின் பெயராற் பேசுகிறது? எழுதியவர் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். இழப்பு, முதன்மையாக, யாழ்ப்பாணத் தமிழருடையது. கொல்லப்படுபவரோ சிங்கள பௌத்தர் வணங்கும் புத்தர். இறைவனிடம் முறையீடு இல்லை. மறுமையிலே தண்டனை கிடைக்கும் என்ற ஆறுதலும் இல்லை. ஆயினும் கவிதையின் அறச்சீற்றம் ஐயத்துக்கிடமின்றி வாசகனைச் சென்றடைகிறது. சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் அதனை ஒரே பொருளிற் புரிந்துகொண்டனர். மொழிபெயர்ப்பின் வாயிலாகச் சிங்கள வாசகரும் அறிந்துகொண்டனர். தன் அறத்துக்கு எந்த நம்பிக்கை ஆதாரம் என்று கவிதை கூறவில்லை. வாசகரும் கேட்கவில்லை.

இதனினும் சுவையானது, அதே 1981இல் நுஃமானின் மொழிபெயர்ப்பில் வெளிவந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ பெற்ற வரவேற்பு. கிழக்கிலங்கை முஸ்லிம் வாசகருக்குப் பலஸ்தீனம் வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் இடம்பெறும் துயரம். எனவே அக்கவிதைகளை அவர்கள் தம் சமய உடைமையாகவே ஏற்றனர். ஆனால் அவ்வெதிர்ப்புக் கவிதை மரபினை உருவாக்கியவர்கள் யார்? மஹ்மூட் தர்வீஷ் இளமையில் இஸ்ரேலியப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து அதன் ஏடுகளிற் பணியாற்றியவர். சமீஹ் அல் காசிம் துறூஸ் குடும்பத்திலே தோன்றிப் பின்னர் அதே கட்சியில் இணைந்தவர். தௌபீக் சையாத் அக்கட்சியின் சார்பில் 1975இல் நாசரேத் நகரபிதாவாகத் தெரிவானவர். இவர்கள் ஒவ்வொருவரும் தனிப்பட எதனை நம்பினர் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆனால் எந்தச் சொல்லைக் கேட்டதும் நமது ஊர்களில் முகம் சுளிக்கப்பட்டதோ, அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இவர்கள். தெருவிற் ‘கொம்யூனிஸ்ட்’ என்று ஒதுக்கப்பட்டவன், நூலுக்குள் அநீதிக்கு எதிரான மனச்சாட்சியாக நின்றான்.

இதனை வாசகரின் அறியாமை என்று எள்ளுதல் தகாது. அவர்களது வாசிப்பு சரியானதே. நன்மையைக் கண்டவுடன் நன்மை என்று அறிந்தனர். அதனை உரைத்தவனின் நம்பிக்கைச் சீட்டினைச் சோதித்துப் பார்த்தபின் அறியவில்லை.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். நன்மையை அறியும் ஆற்றலை வாசகருக்குத் தந்ததே மார்க்கந்தானே, அதை இழந்தவனிடம் அது எஞ்சுமா என்று. இம்மறுப்பு அற்பமானதன்று. ஆனால் இவ்வினா இஸ்லாமிய சிந்தனை வரலாற்றினுள்ளேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடுமையாக விவாதிக்கப்பட்டது என்பதை இதனை எழுப்புவோர் மறந்துவிடுகின்றனர். ஒரு செயல் இறைவன் விலக்கியதனால் தீயதாயிற்றா, அல்லது தீயதாயிருந்தமையால் இறைவன் அதனை விலக்கினானா? பஸ்றாவிலும் பக்தாதிலும் விளங்கிய முஃதஸிலாக்கள், பொய்யும் கொடுமையும் தீயன என்பதை வேதம் கிட்டாத மனிதனும் பகுத்தறிவால் அறிவான் என்றனர். அவர்களுடன் இருந்து பின்னர் பிரிந்த அல் அஷ்அரி, இறை கட்டளைக்கு வெளியே நன்மை தீமைக்கு அளவுகோல் இல்லை என்றார். மாத்துரீதி வழியினர் இடைநிலை கண்டனர். இலங்கை முஸ்லிம்களின் மரபு அஷ்அரி வழிப்பட்டது. ஆயினும் முஃதஸிலாக்கள் முஸ்லிம்களாகவே வாழ்ந்து வாதிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேலும், நமது ஊர்ப் பள்ளிவாசல்களில் அடிக்கடி கேட்கும் ‘நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல்’ என்ற தொடரில் நன்மை என நாம் பெயர்க்கும் அறபுச் சொல் ‘மஃறூப்’ என்பதாகும். அதன் நேர்ப்பொருள் ‘அறியப்பட்டது’. அறிந்தவர் யார்? எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு என்ற எடுகோள் அச்சொல்லினுள்ளேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சிரியாவின் அல் மஅர்ரி, சமயங்கள் யாவற்றையும் ஐயத்துடன் நோக்கிய பார்வையற்ற கவிஞர். இறைச்சியை மட்டுமன்றித் தேனையும் உண்ண மறுத்தார். தேனீயிடமிருந்து திருடுதல் ஆகாது என்பது அவரது நிலை. அவருக்கு இவ்வொழுக்கத்தைக் கட்டளையிட்ட வேதம் எதுவும் இல்லை. 2013இல் அவரது சொந்த ஊரில் இருந்த அவரது சிலையின் தலையை ஆயுததாரிகள் துண்டித்தனர்.

தமிழ் மரபுக்குத் திரும்பினாலும் காட்சி வேறன்று. நாத்திகர் என்ற சொல் நம் மரபில் வேதத்தை ஏற்காத சமணரையும் பௌத்தரையும் குறித்தது. சம்பந்தர் தேவாரத்தின் பெரும்பாலான பதிகங்களிற் பத்தாம் பாடல் இவர்களைச் சாடுவதற்கென்றே அமைந்திருக்கிறது. அச்சாடல் கொள்கையுடன் நிற்பதில்லை. அவர்கள் குளிப்பதையும் உண்பதையும் உடுப்பதையும் இழிவுபடுத்துகிறது. நம்பிக்கை வேறுபாட்டை உடலின் அசுத்தமாகக் காட்டும் இவ்வுத்தி இன்றும் மறையவில்லை. ஆனால் தமிழன் தன் பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிக்க எடுக்கும் நூல்கள் எவை? நாலடியாரும் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணர் தந்தவை. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதை ஏற்காதோர் இயற்றியவை. வினைப்பயன் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது என்பது உண்மையே. அவர்களை இன்றைய பொருளில் நாத்திகராக்குதல் வரலாற்றுப் பிழையாகும். எனினும், படைத்தவன் இன்றி அறம் இல்லை என்ற கூற்று நாலடியார் படித்த வாயிலிருந்து வருதல் பொருந்தாது.

மணிமேகலையின் 27ஆம் காதை இவ்வகையிற் பாராட்டத்தக்கது. மறுபிறப்பையும் வினையையும் மறுக்கும் பூதவாதியை மணிமேகலை அங்கே சந்திக்கிறாள். கண்ணாற் காண்பதே பிரமாணம் என்றால், உன் தாய் தந்தையரை நீ அறிந்தது எங்ஙனம் என்று நகைத்துக் கேட்கிறாள். வினா அளவையியல் சார்ந்தது. அவனைக் குடிகாரன் என்றோ காமுகன் என்றோ சாத்தனார் சித்திரிக்கவில்லை. இந்நூற்றாண்டு மேடைகளில் இந்த நாகரிகம் அரிது.

நம்பிக்கையற்றவன் நம்பத்தகாதவன் என்ற எண்ணத்துக்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. சமயச் சகிப்புக்காக வாதாடிய ஜோன் லொக், 1689இல் வெளிவந்த தம் நூலில் நாத்திகருக்கு அச்சகிப்பு உரியதன்று என்றார். வாக்கும் ஒப்பந்தமும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் கருத்து. கடனுக்குத் தோணியும் வலையும் வாங்கித் தொழில் செய்யும் கரையோர ஊரிலே இந்த அச்சம் எளிதில் விளங்கும்: ‘அல்லாஹ் மேல் ஆணை’ என்பவனின் சொல்லுக்கு ஒரு பிணை இருக்கிறது, மற்றவனுக்குப் பிணை எது? ஆனால் பிரெஞ்சு அறிஞர் பியர் பேய்ல் 1682இலேயே இதற்கு விடை கூறியிருந்தார். மனிதர் தாம் நம்பும் கொள்கையின்படி நடப்பதில்லை; இயல்பும் பழக்கமும் பிறர் மதிப்பும் அவர்களை நடத்துகின்றன; ஆகவே நாத்திகர் சமூகமும் ஒழுங்குடன் வாழும் என்றார். ஆணையிட்டுக் கடன் வாங்கித் தலைமறைவானவரை நமது ஊர்கள் அறியாதவையல்ல.

2017இல் வெளியான உளவியல் ஆய்வொன்று 13 நாடுகளில் 3,000க்கு மேற்பட்டோரிடம் ஒரு கதையைக் கூறியது. சிறுவயதில் விலங்குகளை வதைத்த ஒருவன் வளர்ந்தபின் மனிதரைக் கொல்கிறான். அவன் ஆசிரியனாக இருத்தல் கூடுமா, அல்லது ஆசிரியனாகவும் நாத்திகனாகவும் இருத்தல் கூடுமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்கப்பட்டது. மற்றப் பகுதியினருக்கு ‘நாத்திகன்’ என்பதற்குப் பதிலாக ‘சமய நம்பிக்கையுள்ளவன்’ என்று தரப்பட்டது. கொலைகாரனுக்கு நாத்திகனே பொருத்தமென எண்ணியோர் ஏறத்தாழ இருமடங்கினர். நாத்திகருட் பலரும் அவ்வாறே எண்ணினர் என்பதுதான் வியப்பு. தமிழ்த் திரையில் இதற்குச் சான்றுண்டு. ‘இரத்தக்கண்ணீர்’ (1954) படத்திலே மரபுகளை எள்ளி நகையாடும் மோகன் தாசியிடம் பொருளிழந்து தொழுநோயாளியாகிறான். எழுதியவர் திருவாரூர் தங்கராசு; நடித்தவர் எம். ஆர். ராதா. இருவரும் பகுத்தறிவு இயக்கத்தினர். பழிக்கும் நாவுக்கு நோய் தண்டனையாகும் என்ற பழைய கதைக்கட்டு அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

முற்போக்காளர் மகிழ்வதற்கு இங்கே அதிகமில்லை. நம்பிக்கையுள்ளவன் மூடன், வன்முறையாளன் என்ற எதிர்ப்படிமத்தை நாமும் வளர்த்திருக்கிறோம். 2019 ஏப்பிரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய குழுவினர் தங்கியிருந்த வீட்டிலே குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். கொலையை மார்க்கம் என்று நம்பியோர் அவ்வீட்டினுள் இருந்தனர். அவ்வீட்டைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தோர் அதே மார்க்கத்தைப் பின்பற்றும் அயலவர். நம்பிக்கையின் அளவைக் கொண்டு இவ்விரு சாராரையும் வேறுபடுத்த முடியாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராயிருந்து 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் அற்புதம் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா சவால் விடுத்தார். சவால் வெல்லப்படவில்லை, ஆனால் சாமியார்களைத் தோற்கடித்ததனால் ஒழுக்கம் பற்றிய வினா தீர்ந்துவிடவும் இல்லை. தம் கண்களையும் உடலையும் மருத்துவத் தேவைக்கு அவர் எழுதிவைத்தமை அவ்வினாவுக்கு அச்சவாலைவிட அண்மையில் நிற்கிறது.

விலக்கும் சொற்கள் விலக்கப்படுவோரின் கருத்தையே அளந்து வழங்கப்படுவதில்லை. காத்தான்குடியின் அப்துர் ரஊப் மௌலவி நாத்திகரல்லர், சூபி வழியினர். 1979இல் அவருக்கு எதிராக மதம் மாறியவர் எனப் பத்வா வழங்கப்பட்டது. அங்கே மற்றொரு சூபிக் குழுத் தலைவர் 2006 டிசம்பரில் இறந்தபோது அவரது நல்லடக்கத்தையும் எதிர்த்து வன்செயல் எழுந்தது. ஆழமாக நம்பியவருக்கே இந்நிலை என்றால், ஐயுறுபவன் வாய் திறக்காதிருப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. அவன் இழப்பது விவாதத்தையன்று. மணவினையை, மையவாடியை, பெருநாள் விருந்தை.

கோயம்புத்தூரில் ஹ. பாரூக் இழந்தது உயிரை. பழைய இரும்பு வியாபாரம் செய்த 31 வயதினர், முஸ்லிம் குடும்பத்தவர், திராவிடர் விடுதலைக் கழக உறுப்பினர், கடவுள் மறுப்பைக் கைப்பேசிக் குழுக்களிலே வெளிப்படையாக எழுதியவர். 2017 மார்ச் 16ஆம் திகதி இரவு வீட்டிலிருந்து வெளியே சென்றபோது வெட்டிக் கொல்லப்பட்டார். மகனை இழந்த தந்தை, தாமும் அக்கழகத்தில் இணையப்போவதாகப் பத்திரிகையாளரிடம் அறிவித்தார். மகனைக் கொன்றோரைத் தாமும் கொல்வேன் என்று அவர் கூறவில்லை.