எள்ளலும் எளியோரும்

நகைச்சுவை இலக்கியத்தின் இலேசான பகுதி, சிரித்து மறந்துவிடத் தக்கது என்று எண்ணுவோர் நம்மில் பலர் உளர். தமிழ் இலக்கண முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறப் புகுந்தபோது நகையையே முதலில் வைத்தார். அது தோன்றும் இடங்களாக இகழ்ச்சி, பிள்ளைத்தன்மை, அறியாமை, மடமை என்னும் நான்கினை வகுத்தார். உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவதும் என எள்ளல் இருவகைப்படும் என்று விளக்கம் தந்தார். எள்ளுகிறவனை மட்டுமன்றி எள்ளப்பட்டவனையும் கணக்கில் கொண்ட அந்த நுட்பம் போற்றத்தக்கது. எள்ளப்பட்டவன் எப்போது சேர்ந்து நகுவான், எப்போது மனம் புண்படுவான் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தமிழுக்கு அளித்த சமுதாயம் இது. கூடங்குளம் தொடங்கிக் காயல்பட்டினம், மேலப்பாளையம் வரை நம் வீடுகளில் வழங்கும் மொழி தமிழேயாம். ஆயினும் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாகத் தன் கேலிக் காட்சிகளில் ‘பாய்’ என்றொரு பாத்திரத்தை நிறுத்தி, அவர் வாயில் ‘நம்பள், நிம்பள்’ என்னும் உடைந்த மொழியை இட்டுவந்தது. வட்டிக்கடைச் சேட்டுக்கும் அதே மொழி. அத்தர் விற்கும் பாய்க்கும் அதே மொழி. அதைக் கேட்டு அரங்கம் சிரித்தது. அச்சிரிப்பின் அடியில், இவர் இம்மண்ணுக்கு உரியவரல்லர், வேறெங்கிருந்தோ வந்தவர் என்னும் ஒரு தீர்ப்பு வாதமின்றி, சாட்சியின்றி எழுதப்பட்டுவிட்டது. வாதமாக வந்திருந்தால் மறுத்திருக்கலாம். சிரிப்பாக வந்ததை மறுக்கப் புகுந்தால், நகைச்சுவை உணர்வு அற்றவர் என்ற இரண்டாம் பழியும் வந்து சேர்கிறது. எளியோர் மீது ஏவப்படும் எள்ளலின் வலிமை இதில்தான் இருக்கிறது.

அரபு இலக்கியத்தில் ‘ஹிஜா’ எனப்படும் வசைக்கவி ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. மக்காவில் முஸ்லிம்கள் சிறுபான்மையினராய், வலியற்றவராய் இருந்தபோது குறைஷித் தலைவர்கள் அவர்களை எள்ளினர். பின்னர் மதீனாவில், குறைஷியரின் வசைக்கவிகளுக்குக் கவியாலேயே விடையிறுக்குமாறு ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எள்ளப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் உரிமை உண்டென்பதும், சொல்லுக்குச் சொல்லே தக்க விடையென்பதும் இதனால் பெறப்படும்.

இதனினும் கூர்ந்து நோக்கத் தக்க நிகழ்ச்சி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தது. ஹுதைஆ என்பவர் வறிய கவிஞர், குலப்பெருமை இல்லாதவர், நாவன்மை மிக்கவர். தம் கூட்டத்தின் தலைவராகவும் ஸகாத் வசூலிக்கும் பொறுப்பிலும் இருந்த ஸிப்ரிகான் இப்னு பத்ர் என்பவரைப் பற்றி அவர் ஒரு கவி புனைந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் வசையே இல்லை. உமக்கு உண்ணவும் உடுக்கவும் இருக்கிறதே, அமைதியாக இரும் என்பது போன்ற அறிவுரைதான் தென்பட்டது. ஸிப்ரிகானோ வழக்குடன் வந்தார். கலீஃபா அவர்கள் தாமாகவே தீர்ப்புரைத்துவிடவில்லை. கவிதை அறிந்தவரான ஹஸ்ஸான் (ரலி) அவர்களை அழைத்து, இது வசைதானா என வினவினார்கள். வசையினும் கொடிது என்று அவர் விளக்கிய பின்னரே ஹுதைஆவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பின்னர் பசித்த தம் குழந்தைகளை நினைந்து அவர் பாடிய கவி கேட்டுக் கலீஃபா அவர்கள் மனம் இளகினார்கள். மூவாயிரம் திர்ஹம் கொடுத்து முஸ்லிம்களின் மானத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள் என்றும் வரலாற்று அறிவிப்புகள் கூறும்.

இவ்வழக்கில் நமக்குப் பாடங்கள் பல. ஒரு சொல் புண்படுத்துகிறதா என்பதை அறிய அதிகாரம் மட்டும் போதாது. இலக்கியப் பயிற்சியும் வேண்டும் என்பது ஒன்று. எள்ளுகிறவனின் வறுமையும் வழக்கின் ஒரு பகுதியே என்பது மற்றொன்று. மூன்றாவது சற்றுக் கசப்பானது. ஹுதைஆ ஏழையாக இருந்தும் அவர் ஏழைகளுக்காகப் பேசவில்லை. ஸிப்ரிகானுக்குப் போட்டியாளராக இருந்தவர்களின் உபசரிப்பைப் பெற்றே அவ்வசையைப் பாடினார். எளியவன் வாயிலிருந்து வருவதாலேயே ஓர் எள்ளல் எளியோர்க்கு நீதி செய்வதாகிவிடாது. நாவை வாடகைக்கு எடுப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு.

இனி நம் பொருநைக் கரைக்கு வருவோம். தாமிரபரணியுடன் சிற்றாறு முதலியன கூடுமிடமாகிய சீவலப்பேரியைக் களமாகக் கொண்டு, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது முக்கூடற்பள்ளு. உழவுத் தொழிலாளியாகிய வடிவழகக் குடும்பனும் அவன் மனைவியர் இருவரும் அதன் மாந்தர். மூத்தவள் முக்கூடல் திருமால் அடியவள். இளையவள் மருதூர்ச் சைவம் சார்ந்தவள். இருவரும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் பழித்து ஏசும் பகுதி பெரும் நகைப்பூட்டுவது. பண்ணைக்காரனின் தோற்றமும் அங்கே கேலி செய்யப்படுகிறது. அடிமைப்பட்ட உழவர் வாயால் பண்ணைக்காரன் எள்ளப்படுகிறான் என்று மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை என்று நான் கூறவில்லை. ஆனால் அதே நூலில், பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். அவ்வேதனையும் நகைப்புக்குரிய காட்சியாகவே அமைகிறது. பாடியவர் உழவரல்லர், கேட்டவரும் உழவரல்லர். அரை நொடி ஆண்டையைக் கேலி செய்ய விட்டுவிட்டு, கதையின் முடிவில் எல்லோரையும் அவரவர் இடத்தில் அமர்த்திவிடும் நகைச்சுவை இது. இலக்கியச் சுவை குறைவற்ற அந்நூலைப் படிக்கும்போது, அவ்வுழவரின் வழித்தோன்றல்கள் பழம்பெயரை விடுத்துத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பெயருக்காக நெடிது போராடியதையும், 2021இல் நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கியதையும் உடன் நினைத்தல் வேண்டும். பெயரே புண்ணாக இருந்தவர்கள் அந்நூலின் நகைச்சுவையை நாம் கேட்கும் காதால் கேட்க இயலாது.

இதற்கு மறுதலையாக நிற்பது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. 1988இல் நூலாக வந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் வாழ்ந்து, 2019இல் மறைந்த மீரான், தாம் பிறந்த சமுதாயத்தின் உள்ளிருந்தே எழுதினார். ஊரை ஆட்டிப் படைக்கும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை எதிர்க்கிறார். தீவிலிருந்து வரும் தங்ஙள் ஒருவர் மக்களின் நம்பிக்கையை மூலதனமாக்கிக் கொள்கிறார். சுறாப்பீலி வியாபாரி மஹமூது முதலாளிக்குத் தலைவணங்க மறுக்கிறார். முதலாளியின் ஆணவத்தையும் தங்ஙளின் வேடத்தையும் வாசகன் சிரிப்பினூடே காண்கிறான். வறியவர்களின் பயத்தைக் கண்டு சிரிக்க ஆசிரியர் அவனை விடுவதில்லை. 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சாய்வு நாற்காலி’யிலும் இம்முறையே. குடும்பப் பழம்பெருமை பேசிக்கொண்டே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணு நகைப்புக்குரியவர். அவர் கையில் துன்புறும் மனைவியோ ஓரிடத்திலும் நகைப்புக்கு ஆளாவதில்லை. எள்ளல் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்ற அளவு அறிந்த கை அது.

ஆயினும் நம் பெரியோர் சிலர் எழுப்பும் ஒரு வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நம் வீட்டுக் குறையை நம் வீட்டார் முன் கூறினால் சீர்திருத்தம். ஊரார் முன் கூறினால் அவர்கள் கைக்கு ஆயுதம் ஆகாதா? ஏற்கெனவே ‘நம்பள், நிம்பள்’ கேட்டுச் சிரித்துப் பழகிய ஒருவர், முதலாளியைக் கண்டு, முஸ்லிம்களே இப்படித்தான் என முடிவு கட்டமாட்டாரா? கட்டக்கூடும். எனினும் அத்தவறு படித்தவருடையது, எழுதியவருடையதன்று. மேலும், வெளியார் சிரிப்பார் என்னும் அச்சத்தால் உள்ளே வாய்மூடச் செய்தால், அந்த மௌனத்தின் பயன் யாரைச் சேரும்? முதலாளியையும் தங்ஙளையுமே சேரும். மீனவனையோ, நாற்காலியின் பின்னே நிற்கும் பெண்ணையோ அது சேராது.

தக்கலைக் கவிஞர் ஹெச். ஜி. ரசூல் 2007இல் தம் கட்டுரை ஒன்றுக்காக ஊர்விலக்குச் செய்யப்பட்டதை அன்பர்கள் அறிவர். அது நகைச்சுவை எழுத்தன்று. அவர் கருத்தை நான் ஏற்பவனுமல்லன். கல்வியறிந்த ஆலிம்கள் நிறைந்த சமுதாயம் ஒரு கட்டுரைக்கு நான்கு கட்டுரைகளால் விடையிறுத்திருக்கலாம். ஹஸ்ஸான் (ரலி) அவர்களிடம் கேட்பதற்கு முன்பே சிறைக்கதவைத் திறந்து வைப்பது உமர் (ரலி) அவர்களின் வழியன்று.

நாம் எள்ளப்படுவதை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பதும் முறையன்று. நம் திண்ணைகளில் வழங்கும் வேடிக்கைக் கதைகளில் பெரும்பாலும் யார் இடம்பெறுகிறார்? ஃபாத்திஹா வீட்டில் சோற்றுக்கு ஆலாய்ப் பறப்பவராக லெப்பை; இரகசியம் காக்கத் தெரியாதவராக நாவிதத் தொழில் புரியும் சகோதரர். அவ்விருவரும் முதலாளிமாரின் வாசலில் நிற்க வேண்டியவர்கள். திருப்பிச் சிரிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இக்கடற்கரையிலேயே, 2011 முதல் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் கூடிய மீனவப் பெண்களின் அச்சத்தை அறியாமை என்று நகைத்தோரும் இருந்தனர். அணுமின் நிலையம் பற்றி ஒருவர் எக்கருத்தும் கொள்ளலாம். ஆனால் தொல்காப்பியர் கூறிய அறியாமை, மடமை என்னும் பட்டங்களை யாருக்குச் சூட்டுவது என்பதை வலியோரே தீர்மானித்து வருகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

பஸ்ராவில் ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ், அரபு நகைச்சுவை உரைநடையின் தலைவர். பிதுங்கிய விழியுடையவர் என்பதே அப்பட்டப் பெயரின் பொருள். பிறர் சூட்டிய அப்பெயருடனேயே அவர் புகழ் பெற்றார். தம் அழகின்மையைத் தாமே சொல்லிச் சிரித்தவர் அவர். கஞ்சர்களை எள்ளி ‘கிதாபுல் புகலா’ எழுதிய அதே கை, கறுப்பின மக்களின் பெருமையை எடுத்துரைத்தும் ஒரு நூல் எழுதியது. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் என்று பேராசிரியர் கூறியதற்கு இவரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஆயின் அந்நகை எள்ளப்பட்டவரே விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டியது. பிறர் அவரிடம் கட்டாயப்படுத்திக் கேட்க உரிமையில்லை.

திருமறையின் 49ஆம் அத்தியாயம், 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை விலக்குகிறது. பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியே விலக்குகிறது. இழிந்த பட்டப்பெயர் சூட்டுவதையும் விலக்குகிறது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரினும் மேலானவராக இருக்கக்கூடும் என்பது அங்கே கூறப்படும் காரணம். தனி மனிதனை மட்டுமன்றிக் கூட்டத்தையும் குறித்துப் பேசியிருப்பது சிந்திக்கத் தக்கது. திரையில் ‘பாய்’ கேலிக்கு ஆளாகும்போது நாம் இவ்வசனத்தை நினைவுகூர்கிறோம், அது நன்றே. நம் வீட்டுத் திண்ணையில் லெப்பையின் கதை தொடங்கும்போதும் அதனை நினைவுகூரும் குடும்பங்கள் பெருகட்டும். அப்போதுதான் நாம் வெளியே கேட்கும் நீதிக்கு எடை உண்டாகும்.