வாழ்க்கைத் தரமும் சராசரிக் கணக்கும்

ஒரு நாட்டின் வாழ்வை வருமானம் ஒன்றினாலேயே அளத்தல் தகாது எனக் கண்டவர் அமெரிக்க அறிஞர் மொறிஸ் டேவிட் மொறிஸ். 1979இல் வெளிவந்த அவரது நூல் சிசு மரண வீதம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம், எழுத்தறிவு ஆகிய மூன்றையும் 0 முதல் 100 வரையான அளவையிலிட்டு, அவற்றின் சராசரியைப் பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண் என வகுத்தது. ஆயிரம் பிறப்புக்கு 229 சிசுக்கள் மடியின் 0. 7 ஆயின் 100. வருமானத்திற் குன்றிய இலங்கை இவ்வளவையில் 82 பெற்றது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரிசிப் பங்கீடு என்பனவே அதற்கு ஏதுக்கள். அறிஞர் வியந்தமை தகுவதே.

மூன்றுக்கும் சமநிறை அளித்தமைக்கு வலிய நியாயம் காணப்படவில்லை. நும் வாழ்வு நுமக்கு நிறைவு தருகின்றதோ என எவரையும் வினவவுமில்லை. பௌதிகம் எனப் பெயரிலேயே எல்லை வகுத்துக்கொண்ட நூலை அதுபற்றிக் குறைகூறல் சாலாது.

ஆயின், அந்த 82 யாருடைய வாழ்வைக் குறித்தது? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மலையகத் தோட்ட லயன்களிற் சிசு மரணம் நாட்டின் சராசரியை மிக விஞ்சி நின்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் இழப்பு, பிறர் பெற்ற நலத்தோடு கூட்டி வகுக்கப்பட்டு மறைந்தது. சுட்டெண்ணைப் பிரதேசவாரியாகப் பிரித்துக் கணித்தலும் இயலும். எனினும் இலங்கையைப் புகழ்ந்தோர் பெரிதும் எடுத்தாண்டது அவ்வோர் எண்ணையே. தேயிலையால் அந்நலச் செலவுக்குப் பொருளீட்டித் தந்தோருள் அத்தோட்ட மக்களும் அடங்குவர்.