மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு நாய்

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளர் பகுதியில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். காரில் வந்த லாப்ரடோருக்குப் பின்னால், சாக்குப்பைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாட்டுநாய்க் குட்டி காத்திருக்கும். சீட்டுக் கட்டணம் சிறியது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்கு நோயுற்ற பிராணிகள் நாள்தோறும் வரவேண்டும் என்பதால், காசில்லாதவரின் நாயும் அங்கே வேண்டியதாகிறது. குறைந்த செலவில் நல்ல வைத்தியம் கிடைக்கும் வழிகளில் எனக்குத் தெரிந்த மிக உறுதியான ஏற்பாடு இதுதான். தமிழ்நாட்டில் இப்படி 7 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அவை பரவியும் இருக்கின்றன.

இலங்கையில் மிருக வைத்தியம் கற்பிக்கும் பீடம் கண்டிக்கு அருகே பேராதனையில் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதி 300 கிலோமீற்றருக்கு மேல். வடக்கில் கூலி வேலை செய்யும் ஒருவர் வயிறு வீங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகமாட்டார். அவருக்குப் பக்கத்தில் இருப்பது அரச கால்நடை வைத்திய அலுவலகம். அங்குள்ள வைத்தியர் பெரும்பாலான நேரம் மாட்டுக்குச் சினை ஊசி போடவும் ஆட்டுக்குத் தடுப்பூசி போடவும் ஊர் ஊராகப் போயிருப்பார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. பாலும் முட்டையும் பெருகவேண்டும் என்றுதான் அந்த அலுவலகங்களை அமைத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துக் கால்நடை மருந்தகமும் அப்படித்தான். சனங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இலங்கை ஏழையின் படலைக்கே வருகிறது. விசர்நாய்க்கடித் தடுப்பு அங்கே நெடுங்காலமாகச் சுகாதார அமைச்சின் பொறுப்பு. 1893இலேயே அதற்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஊசி போடுபவர்கள் சனசமூக நிலையத்துக்கும் கோயில் வீதிக்கும் வருவார்கள். சின்னப் பிள்ளைகள் கயிற்றில் கட்டிய நாய்களை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். காசு இல்லை. நாட்டில் 1973இல் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள்; அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6 போன்ற நாட்களில் இலவச முகாம்கள் நடக்கின்றன. என்றாலும், வீதிக்கு வந்து ஊசி போடும் பழக்கம் அங்கே இந்த அளவுக்கு வேரூன்றவில்லை என்பதே என் கணிப்பு.

அந்த ஓர் ஊசியோடு அரசின் அக்கறை நின்றுவிடுவது இரு கரைக்கும் பொது. விசர் மனிதருக்குத் தொற்றும், அதனால் இலவசம். பார்வோ வைரஸ் நாய்க்குட்டிகளைக் கொல்லும், ஆனால் மனிதருக்குத் தொற்றாது. அதற்கான தடுப்பூசியைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். எங்கள் வீட்டுக் குட்டிக்கு அந்த நோய் வந்தபோது நாலு நாள் சேலைன் ஏற்றவேண்டியிருந்தது. வைத்தியர் வாங்கியது கொஞ்சம்தான். போகவர ஓட்டோவுக்குக் கொடுத்தது அதைவிடக் கூட. நாயோடு பஸ்ஸில் ஏறவிடமாட்டார்கள். ஏழைகள் வைத்தியத்தைப் பாதியில் விடுவதற்கு முக்கிய காரணம் இந்தப் பயணச் செலவுதான் என்று அன்று விளங்கியது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் இறக்குமதி மருந்துகளின் விலையும் ஏறிவிட்டது. வேப்பேரியிலும் சில மருந்துகளை வெளிக்கடையில் வாங்கவேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடங்களை அல்ல. வடக்கு, கிழக்கு மாகாணத் திணைக்களங்கள் ஒவ்வொரு கால்நடை வைத்திய அலுவலகத்திலும் வாரத்தில் ஒரு பிற்பகலை நாய், பூனைகளுக்கென ஒதுக்கி, அறிவித்து வைக்கட்டும். விசர் ஊசிக்கு வரும் குழுவோடு பூச்சி மருந்தும் உண்ணிக்கான மருந்தும் சேர்ந்து வரட்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் மாட்டுக்கு வண்டி வருகிறது. அதே வண்டி குடிசைப்பகுதி நாயையும் கல்லூரிக்கு ஏற்றிச் செல்லட்டும்.

வாகனம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நாயை வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, அயல்வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.