முகவரியிட்டு வந்தவை

கால் நியூபோர்ட்டின் 'டிஜிட்டல் மினிமலிசம்' 2019இல் வெளிவந்தது. கைபேசியைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது எப்படி என்று பேசும் புத்தகங்களில், மென்பொருள் துறையில் இருக்கும் என் நண்பர்கள் அதிகம் கைமாற்றிக்கொண்டது இதைத்தான். நியூபோர்ட் கணினி அறிவியல் பேராசிரியர். வேலைக்கும் வாழ்க்கைக்கும் கட்டாயமில்லாத செயலிகள் எல்லாவற்றையும் 30 நாட்கள் நிறுத்திவிட வேண்டும். பிறகு, நாம் மதிக்கும் ஒன்றுக்கு உண்மையாகவே உதவுவதை மட்டும், இன்ன நேரம் இன்ன அளவு என்று வரம்பு கட்டித் திரும்பச் சேர்க்க வேண்டும். இதுதான் அவர் சொல்லும் வழி. 2018 ஜனவரியில் 1,600 பேருக்கு மேல் முன்வந்து இதைச் செய்து பார்த்தார்கள்.

புத்தகத்தின் பெரிய பலம், அது வாசகரைத் திட்டுவதில்லை. 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று சொல்லாமல், இந்தச் செயலிகள் நம்மைப் பிடித்துவைக்கவே செய்யப்பட்டவை என்கிறது. சரிதான். ஒரு பொத்தானை இரண்டு விதமாகச் செய்து, இரண்டு கூட்டத்துக்குக் காட்டி, எது ஆட்களை அதிக நேரம் உட்கார வைக்கிறது என்று அளந்து பார்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எண் ஏறினால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எண்ணுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது அளவுகோலில் வராது.

என் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. நியூபோர்ட் மனிதத் தொடர்பை இரண்டாகப் பிரிக்கிறார். நேரில் பார்த்தோ குரல் கேட்டோ பேசுவது உரையாடல். எழுத்தில் போய் வருவதெல்லாம் வெறும் இணைப்பு. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், விருப்பக்குறி எல்லாம் இந்த இரண்டாவது கூடையில்தான் விழுகின்றன. நேரில் சந்திக்க நாள் குறிக்கவும் தகவல் சொல்லவும் மட்டும் எழுத்து போதும், உறவு என்று எண்ணத்தக்கது உரையாடல் ஒன்றே என்பது அவர் நிலைப்பாடு.

திருநெல்வேலிக்காரனால் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. காரணம் தி.க.சி.

தி.க. சிவசங்கரன் 'தாமரை' இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர், 2000ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற விமர்சகர். சென்னை வேலையெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, 2014இல் மறையும்வரை, திருநெல்வேலி டவுனில் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்தார். அங்கிருந்து தமிழ்நாடு முழுக்க அஞ்சலட்டை போய்க்கொண்டே இருந்தது. சிற்றிதழில் ஒரு கதை வந்திருக்கும். எழுதியவர் புதுப்பெயராக இருப்பார். அவருக்கு டவுனிலிருந்து ஒரு கார்டு வரும். அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன் என்று சொல்லும் எழுத்தாளர்கள் ஏராளம்.

அஞ்சலட்டை எவ்வளவு குறுகலான சாதனம் என்று யோசித்துப் பாருங்கள். 1879இல் காலணாவுக்கு இந்தியாவில் அறிமுகமானது. ஒரு பக்கத்தில் பாதி முகவரிக்கே போய்விடும். உறை கிடையாது, தபால்காரரும் படிக்கலாம். பதில் வர நாலு நாள் ஆகும், வராமலும் போகலாம். குரல் இல்லை, முகம் இல்லை. நியூபோர்ட்டின் கணக்கில் இது வெறும் இணைப்பு. ஆனால் அந்தப் பத்து வரியை நம்பி அடுத்த கதையை எழுதியவர்கள் உண்டு. அதை உரையாடல் இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது?

எழுத்தா குரலா என்று பிரிப்பதைவிட, முகவரி இருக்கிறதா இல்லையா என்று பிரிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்னாருக்கு என்று நினைத்து எழுதியதா, யார் கண்ணில் பட்டாலும் சரி என்று விட்டதா? கைபேசித் திரையில் இந்த இரண்டுக்கும் ஒரே மணி, ஒரே சிவப்புப் புள்ளி. அம்மாவின் செய்தியும் தள்ளுபடி விளம்பரமும் ஒரே சத்தத்தோடு வந்து நிற்கின்றன. நம்மைக் களைப்பாக்குவது செய்திகளின் எண்ணிக்கையைவிட, எது நமக்கு வந்தது என்று ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்க்கும் வேலைதான். அந்தக் காலத்தில் தபால் நிலையத்திலேயே நடந்து முடிந்த வேலை அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுக்க இதைப் பார்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் போனது, பல இடங்களில் கைபேசிக் கோபுரங்களும் அடங்கின. கைபேசி இல்லாத வாழ்க்கை, யாரும் கேட்காமலே கிடைத்தது. வெளியூரில் இருந்த எங்களுக்கு அந்த நாட்களில் வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. "எல்லாரும் மாடில இருக்கோம், பயப்படாத." நியூபோர்ட் வெறும் இணைப்பு என்று ஒதுக்குகிற அந்தக் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் சோறு இறங்கியது.

அதே நாட்களில் பொதுவெளியில் போட்ட பதிவுகளும் உதவத்தான் செய்தன. ஆனால் எவை உதவின என்று பார்க்க வேண்டும். எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா என்று எழுதிய பதிவுகள். ஊருக்கே போட்டிருந்தாலும் அவற்றில் முகவரி இருந்தது. 'நெல்லைக்காகப் பிரார்த்திப்போம்' என்று வந்தவற்றில் அது இல்லை.

இந்தப் பிரிவினை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும் ரோஜாப்பூ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் சரக்கு. 2018இல் வாட்ஸப் இத்தகைய செய்திகளுக்கு 'பகிரப்பட்டது' என்ற அடையாளத்தைச் சேர்த்து, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி ஆக்கியதும் இந்தச் சரக்குப் போக்குவரத்தைக் குறைக்கத்தான். ஆனால் பேட்டையில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு அந்தப் பூ ஒரு வருகைப்பதிவு. ஒரு நாள் வராவிட்டால் பெங்களூரிலிருந்து மகள் போன் போட்டுவிடுவாள். "அதுக்குத்தானய்யா அனுப்புதேன். எந்திச்சுட்டேன்னு தெரியணும்லா?" என்பாள் அத்தை. படத்தில் முகவரி இல்லை. அனுப்புகிறவர் மனதில் இருக்கிறது. இதை எந்தச் செயலியாலும் பிரிக்க முடியாது. நாம்தான் பிரிக்க வேண்டும்.

நடைமுறையில் இது பெரிய வேலையும் இல்லை. ஆண்ட்ராய்டில் 2017இலிருந்து ஒவ்வொரு செயலியின் அறிவிப்புகளையும் வகை வகையாகப் பிரித்து அணைக்க முடியும். தனி ஆளிடமிருந்து வரும் அழைப்புக்கும் செய்திக்கும் மட்டும் மணி. குழுக்கள், காணொளி, செய்தித்தளம் எல்லாம் மணியில்லாமல் கிடக்கட்டும், வேண்டும்போது நாம் போய்ப் பார்க்கலாம். வாசகசாலைக்குப் போவதுபோல. இதெல்லாம் வெறும் குறுக்குவழி, இவை போதாது என்பார் நியூபோர்ட். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மணியை அணைத்தாலும் கை தானாகத் திரையைத் தேடும்.

ஆனால் அவருடைய வழிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. தனிமையின் அருமைக்கு அவர் காட்டும் உதாரணம், வெள்ளை மாளிகைக் கூட்டத்திலிருந்து விலகி ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கிய லிங்கன். பாளையங்கோட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் உணவு விநியோகப் பையனுக்குப் போய் ஒதுங்க வீடு கிடையாது. அவனுக்குக் கைபேசிதான் முதலாளி, வருகைப்பதிவேடு, சம்பளப் பட்டியல் எல்லாம். 'கட்டாயமில்லாத செயலி' என்ற சொல்லே தன் நேரம் தன் கையில் இருக்கிறவர்களுடையது. அவனுடைய அமைதி, கைபேசி அமைப்புகளில் இல்லை. வேலை நேரத்துக்கும் கூலிக்கும் வரம்பு கட்டும் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பேசாத எளிமை பாதி எளிமைதான்.

தன் நேரம் தன் கையில் இருக்கிறவர்களுக்கும் இந்த வகைப் புத்தகங்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றன. குறைப்பது என்றால் வருவதைக் குறைப்பது என்றே பேசுகின்றன. தி.க.சி. குறைவாகப் பெற்றதால் அமைதியாக இருந்தவர் இல்லை. வந்த இதழ்களையெல்லாம் படித்தார், ஓயாமல் எழுதினார், ஆனால் ஒரு தடவைக்கு ஒருவருக்கு எழுதினார். அவருடைய மகன் வண்ணதாசனின் கடிதத் தொகுப்பு ஒன்றுக்கு 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று பெயர். தனித்தனி ஆட்களுக்கு எழுதிய கடிதங்கள்தான் பிறகு எல்லோருக்கும் ஆகின்றன. ஒருவரை நினைக்காமல் எல்லோருக்கும் என்றே தொடங்குவது பெரும்பாலும் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை.

விருப்பக்குறி போடாதீர்கள் என்று நியூபோர்ட் சொல்கிறார். இதில் நான் அவர் பக்கம். ஆனால் அதோடு நின்றுவிட்டால், நமக்கு அமைதி கிடைக்கும், ஒரு கதையை எழுதிவிட்டு எங்கோ காத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. விருப்பக்குறியை விட்டுவிட்டு, அவர் பெயரைப் போட்டு நாலு வரி எழுதலாம். கதையில் எந்த இடம் பிடித்தது, எந்த இடம் இடித்தது என்று. அஞ்சலட்டையில் கொள்கிற அளவு போதும். அதற்கும் இதே கைபேசிதான் வேண்டும்.